காலி மனை

என் வயதுக்காரர்களுக்கு ஒரு கேள்வி. பூகோள நோட்டில் கடலுக்கு எப்படி வண்ணம் தீட்டினீர்கள்? நீலப் பென்சிலின் முனையைப் பிளேடால் சுரண்டி, அந்தத் தூளைக் கரையோரமாகத் தூவி, காகிதத் துண்டை நாலாக மடித்து மெல்ல மெல்லத் தேய்த்திருப்பீர்கள். கரையில் அடர்நீலம், தள்ளிப் போகப் போக வெளுப்பு. அப்படித் தேய்ப்பதில் கைதேர்ந்தவள் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். அவளைப் பற்றித்தான் இது.

பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிள்ளைகளைத் தெருவில் இறக்கி, அளக்கவிட்டு, ஊர்ப்படம் போடவைக்கும் முறையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். "இந்த ஐடியா உங்களுக்கு எப்படி மேடம் வந்தது?" என்று ரெக்கார்டரைப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். பாதி சொன்னேன். மீதியை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் வயது, ஆளாளுக்கு ஒன்றைப் புதைத்து வைத்திருப்பீர்கள், அதனால் என்னைத் தேற்ற வரமாட்டீர்கள்.

எங்கள் குப்பம் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே. கிழக்கே கடல். மேற்கே லாரிகள் ஓயாத நெடுஞ்சாலை, அதைத் தாண்டி எங்கள் பள்ளி, அதற்குப் பின்னால் ஃபேக்டரிச் சுவர்கள், கடைசியில் ரயில். காற்று மேற்கிலிருந்து அடித்தால் மூக்கு எரியும் அம்மோனியா, கிழக்கிலிருந்து அடித்தால் கருவாடு. கண்ணைக் கட்டி விட்டால்கூட எந்தப் பக்கம் எது என்று சொல்லிவிடுவோம்.

ஆனால் வகுப்பில் எங்களுக்குத் திசை தெரியாது. ஏழாம் வகுப்பில் இந்திய வரைபடத்துக்கு ஆணி இருந்தது தெற்குச் சுவரில். அதைப் பார்த்து உட்கார்ந்தால் எங்கள் வலதுகை மேற்கு. பூகோள சார் கம்பால் படத்தின் வலப்பக்கத்தைத் தட்டி, "கிழக்கே வங்காள விரிகுடா" என்பார். கம்பு ரயில் லைனைக் காட்டும். அதே நேரம் இடதுபக்க ஜன்னல் வழியே அலைச் சத்தம் வரும். சார் காட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். வங்காள விரிகுடா என்பது பெரம்பூர்ப் பக்கம் எங்கோ இருக்கும் வேறொரு கடல். நம்முடையது வெறும் கடல். சார் கெட்டவர் இல்லை. பரீட்சைக்கு வரும் விடைகளை உயிரைக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தவர். நாங்கள் என்ன நினைக்கிறோம் என்று கேட்க அவருக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் பயிற்சி டீச்சர் வந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் ஒரு தடித்த நோட்டு. நாற்பது நாள் எங்களுக்குப் பாடம் எடுத்து, கூடவே ஒரு சின்ன ஆராய்ச்சியும் செய்து கொடுத்தால்தான் அவருக்குப் பட்டம். முதல் நாள் ஒரு பரீட்சை வைத்தார். 'உன் வீட்டுக்கு அருகில் உள்ள கடல் எது?' என்பது முதல் கேள்வி. அலை வாசலில் வந்து நக்கும் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் அதற்கு எதுவும் எழுதவில்லை.

மறுநாள் அவர் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினார். தரையில் விரித்தார். எங்களைச் சுற்றி நிற்கவைத்து, படத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். படத்தின் நீலம் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. "இப்ப ஜன்னல் வழியா பாருங்க" என்றார்.

பார்த்தோம். யாரோ ஒரு பையன், "மிஸ், அப்போ நம்ம கடலுதான் அதுவா?" என்று கத்தினான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு முப்பது வருடம் நான் பாடம் எடுத்த எல்லா வகுப்பிலும் முதல் நாள் படத்தைத் தரையில்தான் விரித்தேன். அந்தச் சிலிர்ப்பை ஒரு பிள்ளைக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று ஆசை.

அவருடைய ஆராய்ச்சி இதுதான்: தன் ஊரைத் தானே அளந்து படம் போடும் பிள்ளைக்கு உலகப்படம் தானாகப் புரியும். அதை நிரூபிக்க நாங்கள் குப்பம் முழுவதையும் அளக்க வேண்டும். ஆளுக்கொரு வரிசை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெரிய சார்ட்டில் டீச்சர் வரைவார். அளக்கும் சங்கிலிக்கு எங்கே போவது? என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, பழைய வலைக்கயிறு ஒன்றைத் தந்தார். ஒரு பாகத்துக்கு ஒரு முடிச்சு. இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம்தான் பாகம், கடலில் ஆழம் பார்க்கிற கணக்கு. டீச்சர் அந்தக் கயிற்றைக் கையில் வாங்கி முடிச்சு முடிச்சாகத் தடவிப் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. தாரும் உப்பும் ஏறிக் கறுத்த கயிறு. எங்கள் வீட்டுப் பொருள் ஒன்றைப் படித்தவர் ஒருவர் அப்படித் தொட்டது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கயிறு சொல்றதை மாத்தி எழுதக்கூடாது" என்றார்.

எங்களுடையது முன்வரிசை, கடலுக்கு முதல் வரிசை. மொத்தம் பதினோரு வீடு. ஆறாவது எங்களுடையது. ஏழாவது அவளுடையது. அந்த வரிசையில் ஏழாம் வகுப்பு படித்தது நாங்கள் இரண்டு பேர்தான். டீச்சர் எங்களைச் சேர்ந்து அளக்கச் சொன்னார். "நா தனியா அளக்கறேன் மிஸ்" என்றேன்.

"ஏன், ரெண்டு பேரும் கா விட்டிருக்கீங்களா?" என்று டீச்சர் சிரித்தார். சின்னப் பிள்ளைகளின் சண்டை என்று நினைத்துவிட்டார். நாங்கள் சண்டையே போட்டதில்லை. ஒரே ரப்பரை நூலால் அறுத்து ஆளுக்குப் பாதி வைத்திருந்தவர்கள் நாங்கள். வெள்ளையும் பச்சையுமான வாசனை ரப்பர். பச்சைப் பக்கம் எனக்கு வந்தது.

நடந்தது வேறு. அதற்கு நாலு மாதம் முன்னால், ஃபேக்டரிக் கழிவில் மீன் செத்து ஒதுங்கியதற்காக, மூன்று நாள் யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது என்று ஊர் முடிவெடுத்தது. இரண்டாம் நாள் விடியலில் அவளுடைய நைனா கட்டுமரத்தை இறக்கிவிட்டார். ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். "எம் புள்ளிங்க பட்னி கெடந்தப்ப எவனும் ஒரு வாய் சோறு போடல. இப்ப இன்னாத்துக்கு வுழணும்?" என்றார். ஊர் அவர் குடும்பத்தைத் தள்ளி வைத்தது. யாரும் பேசக்கூடாது, அடி பம்பில் அவர்களுக்குக் கடைசி முறை, நல்லது கெட்டதுக்குக் கூப்பிடக்கூடாது. மீறினால் மீறியவர்களுக்கும் அதே கதிதான். பிள்ளைகளுக்கும் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். மறுநாள் அவள் தானாகவே எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். இது எதுவும் டீச்சருக்கு எப்படித் தெரியும்? பூகோள சாருக்கே தெரியாது.

டீச்சர் அவளைச் சும்மா விடவில்லை. "சரி, சார்ட்டுல கடல் பூரா உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். அவள் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கயிற்றைப் பிடித்து வரிசையை அளந்தேன். ஒவ்வொரு வீட்டின் அகலம், இடைவெளி, எல்லாம். பதினோரு வீட்டையும் அளந்தேன். அவள் வீட்டு வாசலில் குனிந்து முடிச்சு எண்ணும்போது உள்ளே இருந்து அவளுடைய அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். எனக்கு ஆபத்து வரக்கூடாதே என்று.

வீட்டுக்கு வந்து தரையில் குப்புறப் படுத்துப் படம் போட்டேன். நைனா பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் படம் பிடிபட்டுவிட்டது. விரலால் வீடுகளை எண்ணிக்கொண்டே வந்தவர் ஏழில் நின்றார்.

"இது யாரு வூடு?"

"பக்கத்து வூடு நைனா."

"அழிச்சிடு."

"மிஸ்ஸு எல்லாத்தியும் போடச் சொன்னாங்க நைனா."

"இது ஊரு படந்தானே? ஊரு படத்துல ஊருல கீறவங்கதான் இருக்கணும். நீ பாட்டுக்கு இத்த போட்டு, அத்த இஸ்கூல்ல மாட்டி, தலைவரு கண்ணுல பட்டுதுன்னா? உன் அக்கா கல்யாணத்துக்கு ஒரு நாய் வராது. அழிம்மா."

அதட்டவில்லை. கெஞ்சினார். என் பாதி ரப்பரால் அழித்தேன். வாசனை வந்தது. பச்சை ரப்பர் அழுத்தி அழித்தால் காகிதம் பொசுபொசுவென்று எழும்பும், பார்த்திருப்பீர்கள். வீட்டை அழித்தேன். இடத்தை அழிக்கவில்லை. எட்டாவது வீட்டை நகர்த்தி ஒட்டவைத்திருக்கலாம். கயிறு சொன்னதை மாற்றக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தாரே. கயிற்றுக்கு நான் உண்மையாக இருந்தேன். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

டீச்சர் கெட்டிக்காரர். படத்தைப் பார்த்ததுமே அந்த இடைவெளியில் விரலை வைத்தார். "மத்த வீட்டுக்கு நடுவுல எல்லாம் ஒரு முடிச்சு, அரை முடிச்சு. இங்க மட்டும் ஏன் ஆறு? இங்க என்ன இருக்கு?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. திட்டுவதாக நினைத்து அழுகிறேன் என்று எண்ணி, "சரி சரி, நாளைக்குச் சொல்லு" என்று என் கன்னத்தைத் தட்டினார். நேரில் வந்து பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. வருவதாகத்தான் இருந்தார். "அங்கெல்லாம் போகாதீங்கம்மா, ஒரே கலீஜு" என்று பூகோள சார் தடுத்துவிட்டார். நாற்பது நாளில் முடிக்க வேண்டிய ஆராய்ச்சி நோட்டும் இருந்தது.

அன்று மாலை பள்ளி விட்ட பிறகும் டீச்சர் சார்ட் வரைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மண்டி போட்டு அவள் மட்டும் கடலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு ஓடிவிட்டேன். மறுநாள் சார்ட் தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருந்தது. எங்கள் முன்வரிசையில் ஆறாம் வீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே, கட்டம் போட்டு, டீச்சரின் முத்து முத்தான கையெழுத்தில் 'காலி மனை' என்று இருந்தது. அவரே யூகித்து எழுதிவிட்டார் என்று நினைத்தேன். அப்பாடா என்று இருந்தது. அந்தக் கட்டத்துக்கு நேர் எதிரே கடல் அவ்வளவு அழகு. கரையில் அடர்ந்து, மெல்ல மெல்ல வெளுத்து, எங்கே முடிகிறது என்றே தெரியாமல்.

எனக்கு இருபதுக்கு இருபது. வகுப்பிலேயே நான் ஒருத்திதான். "முன்வரிசைப் படத்துல ஒரு பிழை இல்லை" என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னார். டீச்சர் வைத்த கடைசிப் பரீட்சையில் நாங்கள் எல்லாரும் கடலின் பெயரைச் சரியாக எழுதினோம். அவருடைய ஆராய்ச்சி நிரூபணமானது. அந்த நோட்டில் என் படம் சான்றாக ஒட்டப்பட்டது. அழித்த இடம் பொசுபொசுவென்று எழும்பிய காகிதத்தோடு. டீச்சர் கிளம்பிப் போனார்.

கார்த்திகையில் கடல் வந்தது. புயல் என்று பெரிதாகப் பேர் எதுவும் இல்லை. மூன்று நாள் தொடர்ந்து அடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் நாங்கள் சாலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்வரிசை போயிற்று. வீடு இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அடியில் மணல் போய்விடும், வீடு சும்மா உட்காரும், அடுத்த அலையில் காணாமல் போகும். எங்கள் வீடு. அடுத்து அவள் வீடு. நாலு மணிக்கு அங்கே வெறும் நுரை.

அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். வீடு போனவர்களுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் ஆளுக்கொரு வீடு. முன்வரிசை புறம்போக்கு, அரசாங்கக் காகிதம் எதிலும் அது இல்லை. பெட்டியோடு ரேஷன் கார்டும் போனவர்கள் பாதிப்பேர். எனவே ஊர்த்தலைவர் பட்டியல் கொடுத்தார். அதில் பத்துப் பேர். அவளுடைய நைனா ஜீப்புக்குக் குறுக்கே நின்றுவிட்டார்.

"சார், எனுக்கும் வூடு இருந்துது சார். ஏழாவது வூடு."

"ஊர்ல கேட்டுக்கங்க சார்" என்றார் தலைவர்.

அதிகாரி கேட்டார். எல்லோரும் மணலைப் பார்த்தார்கள். என் நைனாவும். அதிகாரி நியாயமான மனிதர், அதையும் சொல்ல வேண்டும். ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டுவிட்டது. "உங்க ஊர்ச் சண்டை எனக்கு வேணாம். வேற ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்று அவளுடைய நைனாவிடமே கேட்டார்.

அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. "கீது சார்! இஸ்கூல்ல படம் மாட்டிக்கீறாங்க. புள்ளிங்க கவுறு புடிச்சி அளந்தது. எம் பொண்ணுகூட அதுல வேல செஞ்சிக்கீது சார்!"

அவள் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணா நைனா. வா நைனா, போலாம்." அவர் கையைத் தட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

"நல்லது. பிள்ளைங்க போட்ட படம் பொய் சொல்லாது" என்றார் அதிகாரி.

தலைமையாசிரியர் அறையில் கூட்டம். அதிகாரியின் விரல் முதல் வீட்டிலிருந்து நகர்ந்து வந்து அந்தக் கட்டத்தில் நின்றது. வாய்விட்டுப் படித்தார். பிறகு முன்வரிசையை அளந்தது யார் என்று கீழே எழுதியிருந்த பேரைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். எனக்குச் சமமாகக் குனிந்து உட்கார்ந்துகொண்டார்.

"பயப்படாதே பாப்பா. இந்த இடத்துல வீடு இருந்துச்சா, காலியா இருந்துச்சா?"

தலைவரின் தோளுக்குப் பின்னால் நைனா நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கதவோரம் அவள் நின்றிருந்தாள். அவள் பார்த்தாள். 'இருந்துச்சு' என்று ஒரு வார்த்தை. மூச்சு விடும் நேரம்கூட ஆகாது.

"படத்துல போட்டுக்கீற மாதிரிதான் சார்" என்றேன்.

அவளுடைய நைனா கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. சார்ட்டின் கிட்டே போய் நின்று, வீடுகளை அல்ல, கடலைப் பார்த்தார். "இந்த நீலம் நீ போட்டதா?" என்று மகளைக் கேட்டார். அவள் தலையாட்டினாள். "நல்லாக்கீது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர்கள் காசிமேட்டுக்குப் போய்விட்டதாகப் பேச்சு. ஐஸ் ஃபேக்டரிச் சுவரோரம் ஒரு குடிசை, அவர் ஐஸ் தூக்குகிறார் என்றார்கள். அவள் பெயரை ரிஜிஸ்டரில் சிவப்பு மையால் அடித்தார்கள். நாங்கள் வாரிய வீட்டுக்குப் போனோம். அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. ஊரே வந்தது.

நான் படித்தேன், டீச்சரானேன். எந்தப் பிள்ளை ஊர்ப்படம் போட்டாலும் அந்தத் தெருவில் நானே போய் நடந்து பார்ப்பேன். சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். காலியிடம் கண்ணில் பட்டால் இரண்டு முறை கேட்பேன், பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு மூன்றாம் முறையும் கேட்பேன். பயிற்சிக் கல்லூரிப் பெண் இதை என் 'முறை' என்று எழுதிக்கொண்டாள்.

அவளைத் தேடினேனா என்று கேட்பீர்கள். இல்லை. நாற்பது வயதுக்கு மேல், ஒரு ஞாயிறு காலை காசிமேட்டில் மீன் வாங்கப் போனபோது, வரிசையில் கூடை வைத்திருந்த ஒருத்தி, "இன்னா டீச்சரு, கண்டுக்காம போற?" என்றாள். முன்பல் இரண்டு இல்லை. விரல்கள் ஐஸில் ஊறி வெளுத்திருந்தன. அந்த விரல்களைத்தான் முதலில் அடையாளம் கண்டேன்.

அங்கேயே, மீன் தண்ணீரில், அவள் எதிரே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததைத் துண்டு துண்டாகக் கொட்டினேன். "அந்தப் படம்… நான்தான் உங்க வீட்டை அழிச்சேன். அதைப் பார்த்துட்டு மிஸ் தப்பா எழுதிட்டாங்க. நான் அவங்ககிட்ட…"

"மிஸ்ஸு எங்க தப்பா எழுதுனாங்க?" அவள் சங்கரா மீனைப் புரட்டிப் போட்டாள். "நா சொல்லித்தான் எழுதுனாங்க. சாங்காலம் என்னாண்ட கேட்டாங்க, இங்க ஆறு முடிச்சு இடம் கீதே, அந்தப் பொண்ணு தப்பா அளந்துட்டாளா, மார்க்கு கொறைக்கணுமேன்னு. இல்ல மிஸ், கரீட்டாதான் அளந்துக்கீறா, அது காலி மனைன்னேன்."

அவள் கத்தியை எடுத்து மீனின் செதிலைச் சீவத் தொடங்கினாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"முழு மார்க்கு வந்துச்சில்ல?"

"வந்துச்சு" என்றேன்.